எட்டாவது தோட்டாப் பெட்டி

ஒக்டோபர் 12, ஞாயிறு. வுப்பர்டால், ஜெர்மனி.

இன்று பழைய சாமான் சந்தையில் வதனியைக் கண்டேன். யாழ்ப்பாணத்தில் துப்பாக்கி விற்கும் துவக்குக்கடை வைத்திருந்தவரின் மகள். ஒரு ஜெர்மன்காரர் விற்கக் கொண்டுவந்திருந்த பழைய தகரத் தோட்டாப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்திருந்தாள்.

"அப்பாவின்ர கடையிலயும் இப்பிடித்தான் அண்ணை, எட்டுப் பெட்டி. ஏழில தோட்டா. எட்டாவதில என்ர கலர் பென்சில்."

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"கடையில எட்டுப் பெட்டி தோட்டா இருக்கெண்டு பேப்பரில போட்டுட்டாங்கள். அடுத்த நாளே முகத்தைக் கட்டிக்கொண்டு நாலு பேர் வந்தாங்கள். ஏழு பெட்டியையும் ஏத்திப்போட்டு, எட்டாவது எங்கையடா எண்டு துவக்குப் பிடியால அடிச்சாங்கள். அப்பா பென்சில் பெட்டியைத் திறந்து காட்டினார். 'நக்கலோ?' எண்டு கேட்டு மண்டையைப் பிளந்தாங்கள். பென்சிலெல்லாம் ரத்தம்."

பெட்டியின் மூடியைத் திறந்து மூடினாள்.

"நீங்களும் அந்தப் பேப்பரிலதானே வேலை செய்தனீங்கள். ஆர் எழுதினதெண்டு தெரியுமோ?"

"தெரியாது பிள்ளை" என்றேன்.

எழுதியவன் நான். கடை வாசலில் நின்று, விரலை நீட்டி எட்டு வரை எண்ணினேன். ஒரு மூடியைக்கூடத் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னாள். ஓம், வாறன் என்று சொல்லிவிட்டேன்.