மூடிக்குள் ஒட்டிய பதினொரு சீட்டுகள்

என் தங்கமான மாப்பிள்ளை சண்முகத்துக்கு,

இந்தக் கையெழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியாது. என்னுடையதுதான். உன் மச்சான் கருப்பையா எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆகிறது. எழுபத்தொரு வயதில் எனக்கு 'ழ' எழுத வருகிறதடா! போன வாரம் பேருந்தில் போகும்போது இளையாத்தங்குடிப் பலகையை வாசித்து முடிப்பதற்குள் வண்டி ஊரையே தாண்டிவிட்டது. ஆனாலும் வாசித்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரரிடம் அதைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

நீ இருந்தபோது எத்தனை தடவை கூப்பிட்டாய்? "உக்காரு மச்சான், ஒரு மாசத்துல சொல்லித் தர்றேன்" என்பாய். "எனக்கு எதுக்குடா? நீ வாசி, நான் பெயிண்ட் அடிக்கிறேன்" என்பேன். ஊருக்கு முன்னால் நீ என் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை, வாங்க போங்க என்பேன். அந்தப் பின்கட்டு அறைக்குள் போய்விட்டால் நாம் இரண்டு பேரும் வாடா போடாதான்.

சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையிலிருந்து திரும்பியபோது மற்றவர்கள் நகையும் டிவியும் கொண்டுவந்தார்கள். நீ கட்டைவிரல் உயரச் சிப்பாய்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தாய். எல்லாம் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். ஆத்தங்குடியில் முப்பது வருடம் தரைக்கல்லுக்கு நிறம் ஊற்றிய கை என்பதால் என்னை இழுத்து உட்கார வைத்தாய். ஒரு பெட்டியைத் தொடங்கும்போது எதற்கு என்ன நிறம் என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி, மூடிக்கு உள்பக்கம் ஒட்டுவாய். பிறகு அதைப் பார்த்து எனக்கு வாசிப்பாய். கோட்டு நீலம், வார் கறுப்பு, குதிரை செம்மண். நான் அடிப்பேன்.

நாம் ஒரு பெட்டி முடிப்பதற்குள் நீ மூன்று பெட்டி வாங்கிவிடுவாய். போனில் சிப்பாய் சேர்க்கிற உங்களுக்கென்று ஒரு கூட்டம் இருந்ததே, எல்லாம் தலை நரைத்த ஆட்கள். ஒருவர் போய்ச் சேர்ந்தால் அவர் அடிக்காமல் வைத்திருந்தது அடுத்தவர் வீட்டுக்கு வரும். மதுரைக்காரர் இறந்தபோது நான்கு மூட்டை உன் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? "மிச்சம் இருக்குற வரைக்கும் ஆளு போகமாட்டான் மச்சான்" என்று சிரித்தாய். மதுரைக்காரருக்கு நான்கு மூட்டை மிச்சம் இருந்ததே, அதை நாம் ஏன் யோசிக்கவில்லை?

இப்போது தஞ்சாவூர்க்காரர் கூப்பிடுகிறார். எண்பதை நெருங்குகிறார், கை நடுங்குகிறதாம், ஒரு கண் தெரியவில்லையாம். "சண்முகம் சார் வச்சிருந்ததை எல்லாம் லாரியில போட்டு விடுங்க" என்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

என் தங்கை மீனா உன் அறை வாசலைக்கூட மிதிக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவள் உன்னோடு போட்ட சண்டைதான் காரணம். நான் ஊரில் இல்லை, கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாக இரண்டு பெட்டி வந்திறங்கியதும், எல்லாவற்றையும் ஊருணியில் கொட்டுவேன் என்று கத்தியிருக்கிறாள். நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய். சாயங்காலம் அவள் காப்பி கொண்டுவந்தபோது உனக்கு உயிர் இல்லை. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்றைத்தான் சொன்னாள்: "என் வாயாலதான் அந்த உசுரு போச்சு." சோறு இறங்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள்.

மீதிப் பெட்டிகளுக்கும் நீ முன்கூட்டியே சீட்டு எழுதி வைத்திருப்பாய், அதை வாசித்தால் நானே அடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். எட்டு மாதம் போனேன். பழகுவதற்காக, கடைசியாக நாம் அடித்த பெட்டிகளின் சீட்டை முதலில் எடுத்தேன். அதில் இருக்கும் நிறம் எனக்குத் தெரியும், தப்பு வந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

பச்சைக் கோட்டுக்காரனைக் கையில் வைத்துக்கொண்டு சீட்டை எழுத்துக் கூட்டினேன். 'பச்சை' எங்கே என்று தேடினேன். இல்லை. 'மாடி ஏறும்போது நெஞ்சு பிடித்தது. யாரிடமும் சொல்லவில்லை' என்று இருந்தது. நானாக ஒரு வாக்கியத்தை முழுதாக வாசித்துவிட்டேன் என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது, மாப்பிள்ளை. அது என்ன வாக்கியம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மற்ற ஒன்பது சீட்டும் அப்படித்தான், தேதியோடு இருந்தன. ஏழு மாதம் உன் எதிரில் உட்கார்ந்து, நீ பார்த்து வாசித்த சீட்டில் இல்லாத நிறத்தையெல்லாம் அடித்திருக்கிறேன். இதயத்தில் அடைப்பு, உடனே வந்து படு என்று டாக்டர் சொன்னதை எழுதி ஒட்டிவிட்டு, என்னிடம் "தொப்பி சிவப்பு மச்சான்" என்று வாசித்தாயா? பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாசம் ஆகாது என்றும் சொல்லியிருக்கிறார். அறையைப் பூட்டிவிடுவோம் என்று பயந்து மறைத்தாய். 'மச்சானுக்குத் தெரிந்தால் மீனாவுக்குத் தெரிந்துவிடும்' என்றும் ஒரு சீட்டில் இருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாதது உனக்கு அவ்வளவு வசதியாக இருந்ததா?

பத்துச் சீட்டையும் எழுத்துக் கூட்டி முடிக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் பெட்டியும் கையுமாகக் கூடத்துக்கு வந்தேன்.

"என்னண்ணே, சீட்டப் பாத்துக்கிட்டு முழிக்கிறீக? கலர் பேரு மறந்து போச்சா?" என்றாள் மீனா.

"கலரு இல்ல தாயி. மாப்பிள்ளை தன்னப் பத்தி எழுதுனது."

"வாசிங்க."

"மெதுவாத்தான் வரும்."

"நான் எங்க போகப் போறேன்? வாசிங்க."

'டாக்டர் உப்பு கூடாது என்றார். கருவாடு வேண்டாம் என்றால் மீனா ஏன் என்று கேட்பாள். சாப்பிட்டுவிட்டேன்.' இதை வாசித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

"இன்னும் ஒரு துண்டு வையின்னு கேட்டு வாங்கித் தின்னாகண்ணே. பாவி மனுசன். பக்கத்துலயே படுத்துக் கெடந்துட்டு ஒரு வார்த்த சொல்லல பாருங்க." அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப நான் சண்ட போட்டதுனால இல்லையாண்ணே?"

"இல்ல தாயி" என்றேன்.

அன்று ராத்திரி அவள் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு நாளைக்கு ஒரு சீட்டு என்று பத்து நாள் வாசித்தேன். உன்னைத் திட்டுவாள், அழுவாள், அடுத்த நாள் அதே நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். 'இன்று இன்னும் இரண்டு பெட்டிக்குச் சொல்லிவிட்டேன். இவ்வளவு வேலை கிடக்கும்போது எமன் எப்படிக் கூட்டிப்போவான்?' என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போய் வருடம் திரும்பப் போகிறது, அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இன்று காலையில் அவளாகவே உன் அறைக்குள் வந்தாள். மேசையில் திறந்தபடி கிடந்த பெட்டியை எடுத்தாள். பத்துச் சிப்பாய், ஒன்றிலும் பெயிண்ட் இல்லை. "இதுலயும் சீட்டு இருக்குண்ணே" என்று நீட்டினாள்.

'பெட்டிகளை ஊருணியில் கொட்டுவேன் என்கிறாள் மீனா. அவள் சொல்வது சரிதான்.' இதைச் சத்தமாக வாசித்தேன். அவள் முகம் மலர்ந்தது. அடுத்த வரியை என் கண் முதலில் தொட்டது. வாய் நின்றுவிட்டது.

'அவள் கத்தியதிலிருந்து நெஞ்சு விடாமல் அடைக்கிறது. கூப்பிட்டால் ஓடி வருவாள். இன்று கூப்பிடமாட்டேன்.'

"கண்ணு கூசுது தாயி, மிச்சத்த நாளைக்கு வாசிக்கிறேன்" என்று மூடிவிட்டேன். நம்பிவிட்டாள். அவளுக்கும் எழுத்துத் தெரியாது. எங்கள் வீட்டில் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.

கோபமா மாப்பிள்ளை? பத்தடி தூரத்தில் அவள் இருந்தாள். கோபத்தில் கூப்பிடாமல் இருந்தாயா? இல்லை, ஏழு மாதம் மறைத்தது அந்த ஒரு கூப்பாட்டில் வெளியே வந்துவிடும் என்றா? நான் என்ன செய்யட்டும்? நீ எனக்குச் செய்த மாதிரி நானும் 'கோட்டு நீலம், வார் கறுப்பு' என்று இல்லாததைச் சொல்லிவிட்டுப் போகலாம். உன்னை நான் அப்படியே நம்பி உட்கார்ந்திருந்த மாதிரி, அவளும் என்னை நம்பி உட்கார்ந்திருப்பாள். இல்லாத நிறத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அதைத் தெரிந்துகொண்ட நாளில் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

தஞ்சாவூர்க்காரருக்கு ஒரு பெட்டியும் அனுப்பமாட்டேன். இந்த மூட்டை இன்னொரு கிழவன் வீட்டுக்குப் போக வேண்டாம்.

நாளை மீனா வந்து உட்கார்ந்ததும் அந்தச் சீட்டை எடுத்து, இருப்பதை இருப்பதுபோலவே வாசிப்பேன். ஓர் எழுத்தையும் விழுங்கமாட்டேன். வாசித்துவிட்டு எழுந்து போகமாட்டேன். அவள் என்னை அடித்தாலும், பேசாமல் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாலும், அந்தக் கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்திருப்பேன். அவள் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மீனாவின் அண்ணன்,
உன் மச்சான்,
கருப்பையா
கொத்தமங்கலம்