பொறுப்பேற்பவரின் கையொப்பம்

கரடியனாறு
2024 பெப்ரவரி 11

அன்பு மகள் அஜந்தாவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது, இருமல் மட்டும் நிற்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

நீ அனுப்பிய வேலைப் படிவம் கிடைத்தது. 'பொறுப்பேற்பவர்' என்ற இடத்தில் நான் இன்னும் ஒப்பமிடவில்லை. காரணங்களை ஒழுங்காக எழுதினால்தான் எனக்கே விளங்கும். இக்கடிதம் நான்கு விடயங்களைச் சொல்லும்:

1. பஸ்.
2. துறைமுகத்தில் ஒரு பெண் என்ஜின் திருத்துவது.
3. உன் காது.
4. எனக்குப் பிறகு.

முதலாவது: இங்கிருந்து செங்கலடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து வாழைச்சேனைக்கு இன்னொன்று. முதல் பஸ் வரும் நேரம் அதன் சாரதிக்கே தெரியாது. உனக்கு ஒரு நோய் வருத்தம் என்றால் நான் வந்து சேர அரை நாள் ஆகும்.

இரண்டாவது: நான் அப்படி ஒருத்தியைக் கண்டதில்லை. காணாததால் இல்லை என்றாகாது, ஆனாலும் கண்டதில்லை.

மூன்றாவதை எழுதக் கை வரவில்லை. ஷெல் விழுந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. என்ஜினின் கோளாறைத் திருத்துபவர்கள் முதலில் காதால்தான் பிடிப்பார்கள் என்று கேள்வி.

நான்காவது: எனக்குப் பிறகு உனக்கென்று ஒருவரும் இல்லை. சொந்தமில்லாத ஊரில் அது இன்னும் மோசம்.

உன் ஆறு மாதப் பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. இருபத்தெட்டாம் திகதிக்குள் படிவம் போகாவிட்டால் இடம் வேறொருவருக்கு என்று எழுதியிருக்கிறாய். அதையும் யோசிக்கிறேன். நான் யோசிப்பது பிழையாகவும் இருக்கலாம்.

அன்புடன்,
அப்பா
இ. யோகராசா

*

வாழைச்சேனை
2024 பெப்ரவரி 15

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். உங்கள் கடிதத்தை றமீஸா றாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். பயிற்சிக்கு வந்த நாளிலிருந்து அவவின் வீட்டில்தானே இருக்கிறேன். "வாப்பா நல்ல எழுத்துக்காரர்தான். ஒரு கையெழுத்துப் போடாம இருக்க எவ்வளவு எழுதியிருக்கார் பாரு!" என்றா.

பயிற்சியில் நான் எப்படிப் பாடம் படித்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. ஆசிரியர் எந்நேரமும் பலகைப் பக்கம் திரும்பி நின்றே பேசுவார், உதடு தெரியாது. பக்கத்தில் இருந்த ஸுஹைனா அவர் சொல்வதையெல்லாம் கொப்பியில் எழுதி என் பக்கம் தள்ளினாள். ஆறு மாதம், ஒரு நாள் தவறாமல். "உன்னாலதான் நானும் பாஸ்" என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

பயிற்சிக்குப் பிறகு வேலை பழக ஒருவரும் என்னை எடுக்கவில்லை. றாத்தாவின் கணவர் உசனார் காக்காதான், தான் பொறுப்பாக இருக்கும் மீனவர் சங்கத்தின் என்ஜின் கொட்டிலில் பழகச் சேர்த்துக்கொண்டார். நான் அனுப்பிய படிவம் இங்கேயே வேலையை நிரந்தரமாக்கத்தான்.

திங்கட்கிழமை விஜிதரன் அண்ணன் தன் போட் என்ஜினைக் கொண்டு வந்தார். மெதுவாக ஓடுமாம், வேகம் கூட்டினால் திணறுமாம். வேறு இரண்டு திருத்துமிடங்களில் காபரேட்டரைக் கழற்றிக் கழுவியும் சரிவரவில்லை. என்னைக் கண்டதும் காக்காவிடம், "காது கேளாத புள்ளைட்டக் குடுத்துப்போட்டு, நடுக்கடல்ல நிண்டா நான் ஆரைக் கூப்பிடுற காக்கா?" என்றார். நான் உதடு படிப்பது அவருக்குத் தெரியாது.

"என்னைக் கூப்பிடாதீங்க அண்ணன், எனக்குக் கேளா" என்றேன்.

காக்கா சிரித்த சிரிப்பில் அவருடைய தொப்பி விழுந்துவிட்டது.

தண்ணீர்த் தொட்டியில் என்ஜினைப் பூட்டி ஓடவிட்டு, மூடியில் உள்ளங்கையை வைத்தேன். வேகம் கூடக்கூட ஒரு துடிப்பு விட்டுவிட்டு வந்தது. பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மேல் வயரைக் கழற்றியதும் என்ஜின் கையில் தளர்ந்தது. கீழ் வயரைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. பார்த்தால், அது வளையும் இடத்தில் தோல் வெடித்திருந்தது. வயரை மாற்றினேன். அடுத்த நாள் அண்ணன் ஒரு பாரைமீனோடு வந்து, அதை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அப்பா, இன்னொன்று. கோபிக்க வேண்டாம். என்னை நான்கு நேர்முகங்களுக்குக் கூட்டிப் போனீர்கள். நான் கதிரையில் இருக்கும் முன்பே, "இவவுக்குக் காது கேளாது, பிறகு எங்களில குறை சொல்லக்கூடாது" என்று சொல்வீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்கள். நான் முதன்முதல் படித்த உதடு உங்களுடையது.

இந்தக் கொட்டிலுக்கு நான் தனியே வந்தது அதனால்தான்.

உங்கள் மகள்,
அஜந்தா

*

கரடியனாறு
2024 பெப்ரவரி 19

அன்பு மகள் அஜந்தாவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. மூன்று தரம் தொடங்கிக் கிழித்தேன்.

அதை நான் நேர்மை என்று நினைத்திருந்தேன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்த காலத்தில், குறையை முதல் வரியிலேயே குறித்துவிட வேண்டும் என்று பழகியவன். அந்த நான்கு இடங்களிலும் அவர்கள் உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஆனாலும் கண்ணால் பார்க்காமல் ஒப்பமிட எனக்குத் தைரியம் வரவில்லை. இருபத்தேழாம் திகதி வரலாமா?

அப்பா

*

வாழைச்சேனை
2024 பெப்ரவரி 22

அன்புள்ள அப்பாவுக்கு,

வாருங்கள். ஆனால் ஒன்று: ஆராவது கேட்டால் "அஜந்தாட அப்பா" என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த வசனம் வேண்டாம்.

பேனை கொண்டு வாருங்கள். இங்கே இருக்கும் பேனையெல்லாம் கிறீஸ்.

அஜந்தா

*

கரடியனாறு
2024 பெப்ரவரி 29

அன்பு மகள் அஜந்தாவுக்கு,

நேற்று முன்தினம் நீ காணாத ஒன்றை எழுதுகிறேன். அதை உன்னிடம் நேரில் சொல்ல நினைத்தேன். உதடு நடுங்கினால் உனக்கு விளங்காது என்று விட்டுவிட்டேன்.

நான் வந்து சேர்ந்தபோது, கரையில் ஏற்றியிருந்த ஒரு போட்டின் பின்பக்கத்தில் நின்று நீ என்ஜின் பூட்டிக்கொண்டிருந்தாய். முதுகைத்தான் கண்டேன். ஐஸ் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று உன் பக்கமாகப் பின்னால் வந்தது. "மகள்! மகள்!" என்று கத்தினேன். உனக்குக் கேட்காது என்று என்னைவிட அறிந்தவர் யார்? ஆனாலும் கத்தினேன். கால் மட்டும் அசையவில்லை.

நெத்தலிக் கூடையோடு போன ஒருவர் கூடையை இறக்கிவிட்டு, அந்தப் போட்டின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினார். அதே நேரம் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழும்பிக் கை காட்ட, உழவு இயந்திரம் நின்றது. நீ திரும்பிப் பார்த்தாய், இரண்டடி தள்ளி நின்றாய், மறுபடி வேலையில் குனிந்தாய். அந்த மனிதர் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மழைக்குக் குடை விரிப்பது போல அவர்களுக்கு அது.

ஏன் தட்டினார் என்று கொட்டில் வாசலில் தொப்பியோடு நின்றவரிடம் கேட்டேன், அவர்தான் உசனார். "அதா? போட்டில ரெண்டு தட்டுத் தட்டினா அதிர்வில புள்ள திரும்பும். கரையில எல்லாருக்கும் தெரியும்" என்றார். யார் சொல்லிக் கொடுத்தது என்றேன். "அது எனக்கும் தெரியா. நீங்க ஆரு?"

"அஜந்தாட அப்பா" என்றேன். அடுத்த வசனம் வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

"அப்ப இருங்க, தேத்தண்ணி குடிங்க. நம்மட மேசனட வாப்பாவா நீங்க!" என்றார். மேசன் என்றால் வீடு கட்டுபவர் அல்லவா என்று குழம்பினேன். கொட்டிலில் கைவேலை தெரிந்தவர்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

பிறகு நீ என் கையைப் பிடித்து, ஓடும் என்ஜினின் மேல் வைத்தாய். முப்பத்திரண்டு வருடம் பம்புகளின் படம் வரைந்திருக்கிறேன். ஒன்றையும் தொட்டதில்லை. அந்தத் துடிப்பு முழங்கை வரை ஏறியது. நீ இத்தனை காலமும் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று அப்போது தெரிந்தது. உள்ளங்கையில் இன்னும் அது இருப்பது போலிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். படிவத்தில் இட்ட ஒப்பமும் கோணல்தான். அதை ஏற்றுக்கொண்டார்களா என்று எழுது.

இனி என் முதல் கடிதத்தின் நான்கு விடயங்கள். பஸ்ஸைப் பற்றி எழுதியது சரி. திரும்பும்போது செங்கலடியில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். இரண்டாவதில், நான் கண்டதில்லை என்றேன், இப்போது கண்டுவிட்டேன். மூன்றாவதை முழுதாக விடமாட்டேன். என்ஜினுக்குக் காது வேண்டும்தான். உன்னுடையது கையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் போனது.

உனக்கென்று ஒருவரும் இல்லை என்று எழுதினேனே, அந்த நான்காவது பிழை.

அப்பா