வெட்டாமல் விட்ட இதழ்கள்

அன்புள்ள பர்வீனுக்கு,

உன் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. என் சாப்பாட்டுப் பையைத்தான் அதில் வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. காய்ச்சல் என்று நீ அரை நாளில் கிளம்பிய அந்தக் கடைசி நாளில் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்துவிட்டுப்போன ரோஜா ஞாபகம் இருக்கிறதா? பாகலூர் பூப்பண்ணைக்காரரின் பெட்டி லேபிள். உன் ரோஜா அதில் இல்லாமலே போயிருக்கும், தெரியுமா?

போன மாதம் அவர் வந்தார். எழுத்துக்குப் பின்னால் ரோஜா வெளிறித் தெரிந்தால் போதும் என்றார். உன் கோப்பைத் திறந்து, எல்லா இதழ்களையும் தேர்ந்தெடுத்து, ட்ரான்ஸ்பரன்சியை ஐம்பது சதவீதத்துக்கு இழுத்தேன். ஒவ்வொரு இதழும் தனித்தனியாகக் கண்ணாடி போலாகிவிட்டது. பின்னால் ஒளிந்திருந்த கோடுகளெல்லாம் மேலே வந்துவிட்டன. அச்செடுத்து முதலாளியிடம் காட்டினேன். "ஏனம்மா இது, ரோஜாவா முட்டைக்கோசா?" என்றார், அவருடைய கன்னடத் தமிழில். கட்டிங் மிஷின் பக்கம் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் முதல் சிரிப்பு உன்னுடையதுதான்.

சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் சிடியில் ரெடிமேடாக இருக்கிற ரோஜாவைப் போட்டுவிடச் சொன்னார். அந்த ரோஜா உனக்குத் தெரியும். ஓசூரில் பாதிக் கல்யாணப் பத்திரிகைகளில் அதுதான் இருக்கிறது.

மறைந்திருக்கும் பகுதிகளை வெட்டி எறிந்தால் கோடுகள் தெரியாது. திரையில் வெட்டும் கருவியை எடுத்தும் விட்டேன். முதல் இதழிலேயே கை நின்றது.

"கண்ணுக்கே தெரியாத இதழ எதுக்குடி முழுசா போடற?" என்று ஒருநாள் உன்னைக் கேட்டேன். நீ திரையிலிருந்து திரும்பவேயில்லை.

"பின்னாடி இருக்கறதும் இதழுதாண்டி. மொட்டையா வுட மனசு வரல."

வீணாக மெனக்கெடுகிறாய் என்று அன்று நினைத்தேன். இப்போது பார்க்கிறேன், ஆக அடியில் இருந்த ஓர் இதழின் நுனிகூட லேசாகச் சுருண்டிருக்கிறது. யார் பார்ப்பார்கள் என்று அதை வரைந்தாய்?

வெட்டவில்லை. எல்லா இதழ்களையும் முதலில் பழையபடி ஆக்கினேன். பிறகு அவற்றை ஒரே குழுவாகச் சேர்த்தேன். இதழ் இதழாக இல்லாமல், அந்தக் குழுவுக்கு மட்டும் ஒரே தடவை ஐம்பது வைத்தேன். முன்னிதழ் பின்னிதழை மறைத்தபடியே, பூ மொத்தமும் ஒரே சீராக வெளிறியது. இவ்வளவுதானா என்று இருந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, "ம், இது ரோஜா" என்றார். அவர் வாயிலிருந்து அதுவே அதிகம்.

இப்போது உன் ரோஜா ஒட்டிய பெட்டிகள் பெங்களூர் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எந்த ஊரில், யார் பிரிக்கிறார்களோ.

நேற்று உன் அம்மா போன் செய்தார். "அவ போட்டது ஏதாச்சும் இருந்தா குடு கண்ணு, வெச்சுக்கறேன்" என்றார். லேபிளைக் கொடுக்கலாம் என்று இழுப்பறையைத் திறந்தால், மேலாக அந்தக் கோசு அச்சு கிடந்தது. கசக்கிப் போட மறந்திருக்கிறேன். லேபிளில் உன் உழைப்பில் பாதி தெரியாது. இதில் ஒன்றுகூட மறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ராயக்கோட்டைக்கு, உன் வீட்டுக்குப் போகிறேன். லேபிளையும் கொடுப்பேன். ஆனால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து இதழ் இதழாக விரல் வைத்துக் காட்டப்போவது கோசைத்தான். அந்தச் சுருண்ட நுனியைக் கடைசியில் காட்டுவேன்.

உன் கோப்பை யார் கேட்டாலும், எந்த அளவில் கேட்டாலும், ஓர் இதழைக்கூட வெட்டாமல்தான் கொடுப்பேன் பர்வீன்.

உன் அம்மா 'கண்ணு' என்று கூப்பிடும் இன்னொரு மகள்,
கலைவாணி