பாதி உயரும் கை

மணமேல்குடி
ஞாயிறு

அன்புள்ள அருள்மணிக்கு,

மாதா காவலில் நானும் பிள்ளை சத்யபிரியாவும் நலம். மஸ்கட் ஆஸ்பத்திரியில் உனக்கு நைட் டியூட்டி மாறிவிட்டதா? உன் தோழி சொர்ணவல்லி நாளை விமானம் ஏறுகிறாள். நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் நீ என் கையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள். "நல்லாருக்கு" என்று சொல்லி முடித்துவிடுகிறேன்.

நன்றாக இல்லை. ஆபரேஷனில் தைத்த தசைநார் கூடிவிட்டது. தோள்தான் இறுகிவிட்டது. தையல் விட்டுவிடும் என்று பயந்து, டாக்டர் சொன்ன அசைவுகளைக்கூடச் செய்யாமல் கையை உடம்போடு கட்டியே வைத்திருந்தேன். இப்போது பஸ் ஏறி அறந்தாங்கிக்குப் போய் வருகிறேன். பிசியோ கலைமதி ஒத்தடம் கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்து நல்ல கையால் மற்றதைத் தூக்கச் சொல்கிறார். நெஞ்சு உயரம் வரை வருகிறது. அதற்குமேல் உயிர் போகிறது. சட்டை மாட்டப் பிள்ளைதான் கை பிடித்துவிடுகிறாள்.

வீட்டில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன். போன செவ்வாய் கரைக்குப் போனேன். தம்பி சார்லஸ் நம் படகைக் கிளப்பிக்கொண்டிருந்தான். "நீங்க கரையிலயே இருங்கண்ணே" என்றான். கேட்காமல் ஏறினேன். வலை ஏறும்போது எங்கோ சிக்கியது. கை தானாகப் போய்விட்டது. ஒரே இழுப்பு. கண் இருண்டு பலகையில் சாய்ந்துவிட்டேன். சார்லஸ் மிச்ச வலையைக் கடலிலேயே அறுத்துவிட்டுப் படகைத் திருப்பினான். மறுநாள் போய்த் தேடினார்களாம், கிடைக்கவில்லை. என்னிடம் அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

ஸ்கேன் பார்த்தாயிற்று, பயப்படாதே, தையல் பிரியவில்லை. கலைமதி திட்டுவார் என்று நினைத்தேன். "இது மெதுவாத்தான் எளகும்ணே. விட்டுராம இங்கிட்டு வந்துக்கிட்டே இருங்க" என்றார். எப்போது கடலுக்குப் போகலாம் என்று கேட்டேன். கம்பை எடுத்துக் கையில் கொடுத்தார்.

கான்ட்ராக்டை நீட்டிக் கையெழுத்துப் போடவா என்று கேட்டாயே. இந்த நிலையில் நீ யோசிப்பது நியாயம்தான். போடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குமுன் கொஞ்சம் லீவு கேட்டுப் பார். சில நாள் போதும், வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ. பிள்ளை உன்னை ரொம்பத் தேடுகிறாள்.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்
ஜஸ்டின்