பத்தாம் சனலில் ராசன்

“ராசன் எந்தச் சனலில்?”

தம்பி, வகுப்பறையில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் சரியான விடை தெரிந்திருந்தும் வாய் திறக்கப் பயந்தேன். இராணுவ முகாமில் மேசைக்கு அப்பால் இருந்த அதிகாரி என்னிடம் அதைக் கேட்டபோது, நீ என் காலடியில் சீமெந்து நிலத்தில் கிடந்தாய்.

இன்று காலை அலுமாரியின் அடித்தட்டைத் துடைக்கும்போது அந்த வயர் கையில் அகப்பட்டது. ஒரு முனையில் வட்டமான தலை, அதற்குள் அரைவட்டமாக ஐந்து ஊசிகள். மறுமுனை அறுந்து, செம்பு பச்சை பிடித்துப்போய் நிற்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். கரிந்த இறப்பர் மணம் இன்னும் விடவில்லை.

உன் இசைக் கீபோட்டையும் கொம்பியூட்டரையும் அந்த வயரால் நீ முதன்முதல் தொடுத்த நாள் எனக்கு நல்ல நினைவு. பழைய கொம்பியூட்டர், அதன் விசிறிச் சத்தம் உனக்குப் பிடிக்காது. அதனால் அதை உள்சுவருக்கு அப்பால் என் அறையில் வைத்துவிட்டு, கீபோட்டைக் கடற்பக்கத்து யன்னலோரம் போட்டாய். இரண்டுக்கும் இடையில் இந்த நீளமான வயர்.

“அக்கா, இதுக்குள்ளால சத்தம் போறேல்லை.”

“பின்ன என்னடா போகுது? காத்தோ?”

“எந்தக் கட்டையை அமத்தினனான், எவ்வளவு பலமா அமத்தினனான், எப்ப கையை எடுத்தனான். அவ்வளவும்தான். எல்லாம் வெறும் எண்கள். திருப்பி அனுப்பினா, கீபோட் அதைப் பாத்துத் தானே வாசிக்கும்.”

எனக்கு உதாரணம் இல்லாமல் எதுவும் இறங்காது. யோசித்துவிட்டு, தூரத்தில் இருக்கிற மகளுக்குப் புட்டு அவிக்கிற முறையை எழுதி அனுப்புவது மாதிரியா என்று கேட்டேன். கடிதத்தில் மணம் இருக்காது. அதைப் பார்த்து அவிக்கிற குசினியில்தான் மணக்கும்.

“கணக்கு ரீச்சருக்கும் கடைசியில சாப்பாடு எண்டாத்தான் விளங்குது” என்று சிரித்தாய்.

சனல்களையும் அன்றுதான் சொன்னாய். ஒரே வயருக்குள் வாத்தியத்துக்கு ஒரு சனல், ஒரு தனிவழி. பத்தாவது சனல் எப்போதும் ட்ரம்சுக்கு. எந்த நாட்டில் செய்த பெட்டியானாலும் அப்படித்தானாம். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையை ஆய்வுகூடத்துக்கென்றே ஒதுக்கிவைப்பது போல என்று நான் வைத்துக்கொண்டேன்.

உன் இசைக்குழுவில் ட்ரம்ஸ் அடித்தவன் ராசன். திரியாயில் கோயில் திருவிழாவுக்கு வாசித்துவிட்டு நீங்கள் வந்த பஸ்ஸை, குச்சவெளிக்கு இப்பால் துவக்குக்காரர் மறித்தார்கள். எல்லோருடைய அடையாள அட்டையையும் கேட்டார்கள். ராசனுடைய அட்டை ட்ரம்ஸ் பெட்டிக்குள் இருந்தது. எடுத்துத் தருகிறேன் என்று பெட்டிக்குள் கையை விட்டவனை, குனிந்தபடியே சுட்டார்கள். பக்கத்து இருக்கையில் நீ. உன் சட்டையை நான் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தேன், தேசிக்காய் போட்டுத் தேய்த்தேன். கறை போகவில்லை. கடைசியில் கொல்லைக்குள் வைத்து எரித்தேன்.

அதற்குப் பிறகும் கலியாணங்கள் நடந்தன. ட்ரம்ஸ் இல்லாத குழுவை யார் கூப்பிடுவார்கள்? கீபோட்டின் அடிக்கட்டைகளில் விரலால் தட்டித் தட்டி நீ ராசனைக் கொம்பியூட்டருக்குள் ஏற்றத் தொடங்கினாய். ராசனுக்கு ஒரு பழக்கம்: ஒவ்வொரு சுற்றின் கடைசி அடியையும் ஒரு மயிரிழை பிந்தித்தான் போடுவான். அவன் அருகில் இருந்து வாசித்தபோது அதற்காக அவனை எவ்வளவு ஏசியிருப்பாய்! இப்போது அதே பிந்தலைப் பிடிப்பதற்கு ஒரு மாதம் மல்லுக்கட்டினாய். பிடித்ததும், அந்த வரிசைக்கு ‘ராசன்’ என்று பெயர் அடித்துவைத்தாய்.

அந்தக் கொம்பியூட்டரில் ஒரு பட்டன் இருந்தது. அதை அமத்தினால் முந்தியது, பிந்தியது எல்லாம் கோட்டுக்கு வந்து நேராக நின்றுவிடும். நீ வைத்த பெயர் ‘அயன் பட்டன்.’ சுருக்கமே இல்லாமல் அழுத்திவிடுமாம். ஒருநாள் வேடிக்கையாக அதன் பக்கம் என் விரல் போனது. கையைத் தட்டிவிட்டாய்.

“அதை அமத்தினா ராசன் ரெண்டாந்தரம் செத்துப்போவான் அக்கா.”

சுற்றிவளைப்பு விடியற்காலையில் வந்தது. அறைக்குள் நுழைந்தவர்கள் திரையில் கண்டது என்ன? ராசன் என்று ஒரு பெயர். பக்கத்தில், சனல் 10. கீழே திரை முழுக்க எண்கள். பின்னால் ஒரு கறுத்த வயர்.

“யார் ராசன்?” என்று ஒருவன் கேட்டான்.

“ட்ரம்ஸ் அடிக்கிற ஆள்.”

“எங்க?”

நித்திரைக் கலக்கமோ, பயமோ, உண்மையைச் சொல்லிவிட்டாய். “பத்தாம் சனலில, சேர்.”

அந்தக் காலத்தில் இந்த ஊரில் சனல் என்றால் ஒன்றுதான். இயக்கக்காரர் கதைக்கிற வோக்கி-டோக்கி. துவக்கின் பிடி உன் வாயில் விழுந்த சத்தத்தை எந்த எண்ணால் எழுதுவது என்று எனக்குத் தெரியாது. கொம்பியூட்டரையும் வயரையும் உன்னையும் ஒன்றாகவே ட்ரக்கில் ஏற்றினார்கள். கீபோட்டை விளையாட்டுச் சாமான் என்று நினைத்து விட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று பின்னேரமே அந்தக் கீபோட்டைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போனேன். ஓட்டோக்காரர் சந்தியில் நிறுத்திவிட்டார். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர், அங்கால வர ஏலாது. எனக்கும் பிள்ளையள் இருக்கு.” பிழை சொல்ல முடியுமா? மிச்சத் தூரம் தோளில் சுமந்தேன். வாசலில் நின்றவன் “என்ன ரீச்சர், கச்சேரியா?” என்று கேட்டு மற்றவனைப் பார்த்துச் சிரித்தான். “ஓம்” என்றேன்.

அறைக்குள் உன்னை முதலில் அடையாளம் பிடிக்கவில்லை. ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது. காதிலிருந்து இரத்தம் வடிந்து கழுத்தில் காய்ந்திருந்தது. அதிகாரி தமிழ் கதைத்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி.

“நீங்க ரீச்சர். பொய் பேச மாட்டீங்க. ராசன் எந்தச் சனலில்?”

“பத்தில” என்றேன். உன் விடையை நான் மாற்றிச் சொன்னால் உன்னை அங்கேயே முடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பிறகு புட்டுக் கதையைச் சொன்னேன். எண்ணைப் பார்த்துக் கீபோட் வாசிக்கும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப வாசிச்சுக் காட்டுங்க.”

கொண்டுவந்து போட்டிருந்த கொம்பியூட்டரில் வயரைக் கொழுவினேன். ஐந்து ஊசியும் ஓட்டைக்குள் போகும்வரை வட்டத் தலையைத் திருப்பித் திருப்பிக் குத்தினேன். ஓடவிட்டேன். வந்தது ட்ரம்ஸ் அல்ல. ‘டொங், டிங், டொங்’ என்று பியானோச் சத்தம். ஒன்றோடொன்று சேராத அடிகள். பைத்தியக்காரன் தந்தி அடிப்பது போல இருந்தது.

“இது பாட்டா? இது இரகசியக் கோட்!”

உன் விலாவில் சப்பாத்துக்கால் இறங்கியது. நீ சுருண்டாய். எனக்கு எங்கே பிழை என்று விளங்கவில்லை. பாடம் நடத்த வந்தவள், வயரைக் கழற்றித் திரும்பக் கொழுவிப் பார்த்தேன். அப்போது நிலத்திலிருந்து உன் குரல்.

“அக்கா... அது தன்ரபாட்டில நிக்குது. வலப்பக்கம்... சின்னச் சிவப்பு பட்டன்.”

கீபோட் வெளியிலிருந்து வரும் சனல்களை ஒழுங்காகப் பிரித்துக்கொள்ள அந்தப் பட்டனை அமத்த வேண்டும். தூக்கி வந்தபோது அது அணைந்திருந்திருக்கிறது. அமத்தினேன். திரும்ப ஓடவிட்டேன்.

ராசன் வந்தான், தம்பி! கலியாண வீடுகளில் கடைசியில் எல்லோரையும் ஆடவைக்கிற அந்தத் தாளம். அறைக்குள் சுவர் அதிர்ந்தது. கதவடியில் நின்ற சிப்பாயின் சப்பாத்து, அவனுக்கே தெரியாமல் தட்டத் தொடங்கியது. அதிகாரி கண்ணை மூடிக் கேட்டார். கடைசி அடி பிந்தி விழுந்த இடத்தில் சிரித்தார்.

“நல்லா அடிக்கிறான். ஆள் எங்க இப்ப?”

“செத்திட்டார். பஸ்ஸுக்குள்ளயே வைச்சுச் சுட்டவை” என்றேன்.

அவர் நம்பினார். அது முகத்தில் தெரிந்தது. உன்னை எழுப்பச் சொன்னார். இனி வீட்டுக்குப் போகலாம் என்று நான் கீபோட்டை எடுக்கக் குனிந்தேன். அவர் உன் வலக்கையைப் பிடித்து, குலுக்குவதுபோலப் பிடித்து, மேசையில் விரித்துவைத்தார். அருகில் நின்றவனுக்குத் தலையசைத்தார். துவக்கின் பிடி இறங்கியது. பிறகு இன்னொரு தரம்.

“இனி ராசனே அடிக்கட்டும்” என்றார்.

உன்னையும் கொம்பியூட்டரையும் வயரையும் திருப்பித் தந்தார்கள். விரல் எலும்புகள் ஒட்டின, விரல்கள் மடங்கவில்லை. பல மாதம் கீபோட்டைத் துணியால் மூடிவைத்திருந்தாய். பிறகு ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, இடக்கையால் மட்டும் பின்னணியை வாசித்துப் பதிந்துகொண்டிருந்தாய். அதை ஓடவிட்டு, அதன்மேல் அதே இடக்கையால் மெட்டை வாசித்தாய்.

“பாத்தியோ அக்கா, வலக்கைக்குச் சம்பளமில்லாத லீவு.”

நான் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னாய். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

சமாதானம் என்றார்கள், வந்தது. போனது. அதற்குப் பின் ஒரு முற்பகல், வளைகுடாவின் அக்கரையிலிருந்து ஷெல்கள் துறைமுகத்தை நோக்கிச் சீறத் தொடங்கின. இக்கரையிலிருந்து பதில் போனது. வீட்டுக்கு மேலால் போகிறவற்றின் சத்தம் நமக்குப் பழகிவிட்டது, அதுதான் பிழை. நான் உள்சுவருக்கு இப்பால் நின்று கத்தினேன்.

“வாடா உள்ளுக்கு! பேந்து வாசிக்கலாம்!”

“கடைசி வரியக்கா. ஒரேயொரு வரி.”

வழி தவறிய ஒன்று முற்றத்தில் விழுந்தது. யன்னல் இருந்த சுவர் உன்மேல் வந்தது. கீபோட் இரண்டாகப் பிளந்தது. நான் கல்லையும் ஓட்டையும் கையால் விலக்கி உன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உன் நெஞ்சு திறந்திருந்தது. கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் கூப்பிட்டேன் என்று தெரியாது. கரண்ட் போய்விட்டிருந்தது. என் அறையில் கொம்பியூட்டரின் பற்றரிப் பெட்டி ‘கீக், கீக்’ என்று கத்திக்கொண்டேயிருந்தது. அந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியாமல்தான் எழுந்து போனேன். திரையில் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். நீ பழக்கியபடி சேமித்தேன்.

அந்தக் கோப்பில் ஷெல் இல்லை, தம்பி. என் கூச்சலும் இல்லை. வயருக்குள்ளால் சத்தம் போவதில்லை என்று நீதானே சொன்னாய். ஆனால் கடைசிக்கு முந்திய கட்டையில் உன் விரல் திடுக்கிட்டு, அந்தப் பாட்டில் எங்கும் இல்லாத பலத்தோடு விழுந்திருக்கிறது. கடைசிக் கட்டையை அமத்தினாய். கையை எடுத்தாய் என்ற செய்தி வரவில்லை. அதற்குள் வயர் அறுந்துவிட்டது. அதனால் நான் எழுந்துவந்து நிறுத்தும்வரை அந்தச் சுரம் நீண்டிருக்கிறது. உன்னை மடியில் வைத்திருந்த நேரம் எவ்வளவோ, அந்தச் சுரத்தின் நீளமும் அவ்வளவுதான்.

அந்த நீளம் திரையில் எண்ணாக இருக்கிறது. கணக்கு ரீச்சருக்கு ஒரு பார்வை போதும். நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த இடத்தை ஒரு துண்டுக் கடதாசியால் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் கோப்பைத் திறப்பேன். கொம்பியூட்டர்கள் மாறிவிட்டன, ஒவ்வொன்றும் உன் பாட்டை வேறு வேறு குரலில் வாசிக்கிறது. கை உன்னுடையதுதான். ராசன் இன்னமும் பிந்தித்தான் அடிக்கிறான். நீ அவனுக்காகக் காத்திருந்து அடுத்த அடியில் சேர்கிறாய். நான் அயன் பட்டனைத் தொட்டதில்லை.

தம்பிக்கு எழுதிய இந்த மடலை வாசிக்கிற மற்றவர்களுக்கு: வீட்டில் உங்களுக்கு வேண்டியவர் ஒருவரைக் கீபோட்டுக்கு முன் இருத்தி, தெரிந்த ஒரு பாட்டை வாசிக்கவைத்துப் பதிந்துகொள்ளுங்கள், எதையும் நேராக்காமல்.