மலைக்கு அடியில் இருப்பவர்கள்

பிப்ரவரி 2

என் தம்பிக்கு,

நலமா? குட்டி எப்படி இருக்கிறாள்? பரீட்சைக்குப் படிக்கிறாளா, இல்லை நீ கொடுக்கிற செல்லத்தில் டி.வி. முன்னாலேயே கிடக்கிறாளா? தூக்கத்தில் போர்வையை உதைத்துவிடுவாள், பார்த்துக்கொள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. முகாமில் போன் கூடாது, ஒட்டுக்கேட்கிறார்களாம். வந்த அன்றைக்கே வாங்கி ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். வரிசையாகக் கூடாரங்கள். எதிரே அந்த மலை. அதன் வயிற்றில் உன் அத்தான்.

'செத்துப்போன அத்தான்' என்று நீ மனசுக்குள் திருத்துவது எனக்குத் தெரியும். திருத்தாதே. நான் உடலைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. சுரங்கம் இடிந்தது, உள்ளே இருந்த ஐந்து பேரும் அந்த நிமிஷமே போய்விட்டார்கள், இன்னும் தோண்டினால் மலையே சரியும் என்று கம்பெனி சொன்னது. கான்கிரீட்டை ஊற்றி மூடிவிட்டுப் போனது. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரத் தோண்டிய சுரங்கத்தை ஏன் அப்படியே கைகழுவினார்கள்? இந்த ஒன்றரை வருஷத்தில் எனக்குப் பதில் சொன்னவர் கேப்டன் ஒருத்தர்தான்.

இந்த முகாமே அவரை நம்புகிறவர்கள் போட்டதுதான். அவர் படையில் இருந்தவர். மலைக்கு அடியில் ஒரு ரகசியத் தளம் இருக்கிறதாம். வானத்திலிருந்து இறங்குகிற வேற்றுக்கிரகக் கலங்களை அங்கேதான் வைத்திருக்கிறார்களாம். நம் ஆட்கள் தோண்டிக்கொண்டே போய் அதன் சுவரை உடைத்துவிட்டார்கள். பார்த்தவர்களை வெளியே விட முடியாது. ஆனால் கொல்லவும் இல்லை. "உங்க வீட்டுக்காரர் உயிரோடதான் இருக்காரும்மா. உள்ள வேலை செஞ்சுக்கிட்டு இருக்கார்" என்றார் என்னிடம்.

நான் கணக்கு டீச்சர். சொன்னதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் பெரிய பதவியில் இருந்தவர்கள், விமானம் ஓட்டியவர்கள், வெளிநாட்டில் நாடாளுமன்ற சபையில் நின்று இந்தக் கலங்களைப் பற்றிச் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார்கள். எல்லாருமா காது குத்துவார்கள்? உன் பத்திரிகையில் உனக்கு வேலையே யார் சொல்வது உண்மை என்று சலித்தெடுப்பதுதானே. எனக்காக ஒரு தடவை சலித்துப் பார். கேப்டனை நம்பலாமா?

உன் அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டு, போர்வையைப் பற்றி எழுதுகிறாய். குட்டி படிக்கிறாள். செல்லம் கொடுக்கிறேன் என்பது அபாண்டம். எனக்குக் காய் நறுக்கத் தெரியவில்லை என்று அவள்தான் என்னைத் திட்டுகிறாள். அம்மா எங்கே என்று அவள் கேட்பதே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ சொன்ன அந்தச் சாட்சியங்களைப் படித்தேன். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் 'நான் பார்த்தேன்' என்று ஒருவர் சொல்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று பார். வானத்தில் ஒரு வெளிச்சம், ரேடாரில் ஒரு புள்ளி. கலம், உடல், நிலத்தடித் தளம் என்று வரும்போது மட்டும் 'பார்த்தவர் என்னிடம் சொன்னார்' என்று மாறிவிடுகிறது. சத்தியம் செய்கிறவர் தான் கேட்டதற்குத்தான் சத்தியம் செய்கிறார். கேட்டது நடந்ததா என்பதற்கு இல்லை.

அப்புறம், தளம் என்றால் தோண்டிய கல்லையும் மண்ணையும் எங்கே கொட்டினார்கள்? ஒரு சின்னச் சுரங்கத்துக்கே கொட்ட இடமில்லாமல் ஆற்றங்கரை மேடாகிவிட்டது என்று அத்தானே சொல்லிச் சிரிப்பார். அத்தனை பேருக்குக் காற்று, தண்ணீர், சாப்பாடு எந்த வழியாகப் போகிறது?

அரசாங்கம் எதையும் மறைக்காது என்று நான் சொல்ல வரவில்லை. மறைப்பார்கள். அதற்காக, மறைத்தது இதுதான் என்று ஆகிவிடாது. திரும்பி வா அக்கா.

உன் தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

மண் கணக்கு கேட்டிருந்தாய். நல்லா இருக்கிறது. என் புருஷன் இருக்கிறாரா இல்லையா என்று கேட்டால் மண்ணை எங்கே கொட்டினார்கள் என்கிறாய்.

இதற்குப் பதில் சொல். போன வாரம் கேப்டன் இங்கே வந்திருந்தார். உள்ளே இருந்து தப்பி வந்த ஒருவர் அவரிடம் சொன்னாராம்: "எலக்ட்ரிக் வேலை செய்யற ஆள் ஒருத்தர் இருக்கார். எல்லாரும் கரண்டுன்னு கூப்பிடுவாங்க. வேலை செய்யும்போது விசிலடிச்சுக்கிட்டே இருப்பார்." தம்பி, என் கால் தரையில் நிற்கவில்லை. சுரங்கத்தில் அவரைக் கரண்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். விசில் விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்?

மலையின் பின்பக்கம் காற்றுக்காகப் போட்ட பழைய குழி ஒன்று இருக்கிறது. இரும்பு மூடி போட்டு அடைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அதை உடைத்து இறங்கப்போகிறோம். இறங்குகிறவர்களில் என் பெயரும் இருக்கிறது. என்னைத் தடுக்க நினைத்தால் முகவரியை மாற்றிக்கொண்டு போய்விடுவேன். சொல்லிவிட்டேன்.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

குழியில் இறங்காதே. காலில் விழுந்து கேட்கிறேன். மூடிக் கிடந்த குழியில் என்ன காற்று இருக்கும் என்று உனக்கா நான் சொல்ல வேண்டும்?

கேப்டனைப் பார்த்தேன். இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் பேசினார். மோசடிக்காரனைப் பிடித்துவிடலாம் என்று கறுவிக்கொண்டு போனேன். கூட்டம் முடிந்ததும் அந்த மனுஷன் தானே நாற்காலிகளை மடக்கி அடுக்கினார். சட்டைக் காலர் நைந்திருந்தது. நான் உன் தம்பி என்று தெரிந்ததும் கண் கலங்கிவிட்டார். "அக்கா சாப்பிடறாங்களா?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை அக்கா. சொல்வதையெல்லாம் நம்புகிறார். அதுதான் இன்னும் மோசம்.

படையில் அவர் கேப்டன் இல்லை. ரேடார் நிலையத்தில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். கேப்டன் என்பது கூட்டத்தில் வைத்த பெயர். தளத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. தப்பி வந்த ஆளைக் காட்டச் சொன்னேன். "அவரை நான் நேரா பார்த்ததில்ல. ஆனா நம்பிக்கையான இடத்துல இருந்துதான் தகவல் வருது" என்றார்.

கரண்ட், விசில் இரண்டும் எங்கிருந்து வந்தன தெரியுமா? முகாமில் சேரும்போது ஒரு அம்மா உன்னிடம் அத்தானைப் பற்றி மூன்று மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டார் என்று குட்டிக்கு அனுப்பிய தபால் அட்டையில் எழுதியிருந்தாயே. அந்தத் தகவல் நாலு பேர் வாய் மாறி உன்னிடமே திரும்பி வந்திருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. எல்லாரும் உனக்கு நல்லது நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்கு நெருடுகிறது. 'இடிந்த பிறகும் உள்ளே ஆட்கள் உயிரோடு இருந்தார்கள்' என்பதை முதலில் யார் சொன்னது என்று கேட்டேன். அவர் தயங்கவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் பெயரைச் சொன்னார். டிரைவரைப் பிடித்தேன். சுரங்க வாசலில் இருந்த நர்ஸ் சொன்னதாகச் சொல்கிறார். இதுவும் போய் எங்கேயாவது காற்றில் கரைந்துவிடும். அதை உனக்குக் காட்டத்தான் அந்த நர்ஸைத் தேடிப் போகிறேன்.

உன் தம்பி


மார்ச் 10

தம்பி,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அந்த அம்மா எழுதிக்கொண்டது உண்மைதான். எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்ததை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்திருந்தேன்.

நேற்று இருட்டியதும் மலைக்கு மேலே ஒரு வெளிச்சம் போனது. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். விமானம், விமானம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நானும் கைதட்டினேன். பக்கத்துக் கூடாரத்து அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் மகனும் அந்த ஐந்து பேரில் ஒருவன்.

உன் அத்தானை உயிரோடு வைத்துக்கொள்ள எனக்கு வேறு இடம் இல்லை. வீட்டில் அவர் போட்டோவாகத்தான் இருக்கிறார். இங்கே வந்தால் அந்தத் தளத்தில் சாப்பிடுகிறார், தூங்குகிறார், பல்பு மாட்டுகிறார், என் மேல் கோபமாகக்கூட இருக்கிறார். நீ கேட்கிற கேள்வியெல்லாம் சரி. சரியான கேள்வியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஆனாலும் அந்த நர்ஸைப் பார். அவர் சொல்வதை அப்படியே எழுது. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று பொய் சொல்லாதே. மறைக்காதே. குட்டி மேல் ஆணை. குழியை உடைக்க இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதியைக் குறித்துவிட்டார்கள். உன் கடிதம் வரும்வரை நான் இறங்கமாட்டேன். அவ்வளவுதான் என்னால் முடியும்.

அக்கா


மார்ச் 18

அக்கா,

இதைத் தனியாக உட்கார்ந்து படி.

நர்ஸைப் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டில் இருக்கிறார். முதல் நாள் கதவைத் திறக்கவில்லை. மறுநாள் உன்னைப் பற்றிச் சொன்ன பிறகு உள்ளே விட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உள்ள காத்து போற குழாய் ஒண்ணு உடையாம இருந்துச்சு சார். அதுல காதை வைக்கச் சொன்னாங்க. வெச்சேன். தட்டற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் தட்டுவாங்க, நிறுத்துவாங்க, மறுபடி தட்டுவாங்க. நாங்களும் இந்தப் பக்கம் தட்டினோம். உடனே வேகமா தட்டினாங்க. இன்ஜினியர் கைய எடுத்துக் கும்பிட்டார். அப்புறம் ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. தோண்டறத நிறுத்தச் சொல்லிட்டாங்க. மலை சரிஞ்சா இன்னும் பத்துப் பேர் போவாங்கன்னு சொன்னாங்க. அது உண்மையா இல்லையான்னு எனக்குத் தெரியாது. மறுநாள் என்னை அனுப்பிட்டாங்க. நான் கிளம்பும்போதும் கேட்டுச்சு."

ஆம்புலன்ஸில் திரும்பும்போது இதை டிரைவரிடம் சொல்லி அழுதிருக்கிறார். அங்கே கிளம்பியதுதான் கேப்டனிடம் போய்த் தளமாகிவிட்டது.

இவரையும் நான் சந்தேகப்பட்டுத்தான் பார்த்தேன். தட்டியது கரண்டாக இருக்குமா என்று வேண்டுமென்றே தூண்டில் போட்டேன். "எனக்கு எப்படிங்க தெரியும்? சத்தம்தானே கேட்டேன்" என்றார். எத்தனை பேர் என்றேன், தெரியாது என்றார். தெரியாத இடத்தில் எல்லாம் தெரியாது என்றுதான் சொன்னார். இதைச் சொல்வதால் அவருக்குப் பத்துப் பைசா லாபமில்லை, கம்பெனி வழக்குப் போடும் என்ற பயம்தான். இன்ஜினியர் வீட்டுக்கும் போனேன். வாசலிலேயே நின்று, "அப்படி ஒண்ணும் நடக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், போயிடறேன்" என்றேன். அவர் சொல்லவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினார்.

கேப்டன் சொன்னதில் ஒரு வரி உண்மை அக்கா. மலைக்கு அடியில் ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். இருந்தார்கள். இப்போது இல்லை.

இதைக் கிழித்துப் போட்டுவிட்டு 'நர்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ குட்டி மேல் ஆணை வைத்துவிட்டாய். வந்து கூட்டிப் போகட்டுமா? ஒரு வரி எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

நான் குழியில் இறங்கவில்லை. மற்றவர்கள் உடைத்தார்கள். முதலில் இறங்கியவர் பாதியிலேயே மயங்கிவிட்டார், கயிற்றோடு இழுத்துப் போட்டோம், பிழைத்துக்கொண்டார். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்தால் அடியில் தண்ணீர்தான். "பார்த்தீங்களா, நாம வர்றது தெரிஞ்சு தளத்துல தண்ணிய விட்டு மறைச்சுட்டாங்க" என்றார் கேப்டன். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நிறுத்த முடியவில்லை.

முகாமை விட்டுக் கிளம்பி நேரே நர்ஸ் வீட்டுக்குப் போனேன். அவர் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது. சொன்னார். நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடக் கூடவோ குறையவோ இல்லை. நீதிமன்றத்தில் சொல்வீர்களா என்று கேட்டேன். "நீங்க கூட நின்னா சொல்றேன்க்கா" என்றார். வக்கீல் பார்த்திருக்கிறோம். பக்கத்துக் கூடாரத்து அம்மாவிடம் நான்தான் சொன்னேன். என்னை அறைந்தார். பிறகு என் மடியிலேயே படுத்துக்கொண்டார். இப்போது நர்ஸ் இருக்கும் ஊரிலேயே ஒரு அறை எடுத்து அவரும் நானும் இருக்கிறோம். பள்ளிக்கூடம் ஒன்றில் வேலையும் கேட்டிருக்கிறேன்.

நீ செய்தது சரி. நான் கேட்டதைத்தான் கொடுத்தாய். உன்னைப் போல நேர்மையான தம்பி யாருக்கும் கிடைக்கமாட்டான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுரங்கம் இடிந்த அன்று கம்பெனிக்காரர்கள் எனக்குச் சுரங்க வாசலில் ஒரு நாற்காலி போட்டார்கள். மறுநாள் முழுக்க அதில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் செத்துவிட்டார் என்று அழுதுகொண்டிருந்தேன். அவ்வளவு பக்கத்தில், தம்பி. நான் அழுத சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம்.

குட்டிக்குப் பரீட்சை முடிந்ததும் சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றிவிடு. பக்கத்தில் யாராவது பெண்ணாகப் பார்த்து உட்கார வை. நான் நிலையத்துக்கு வந்துவிடுவேன். அவளிடம் நீ எதுவும் சொல்லாதே. எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது என் பாடு.

நீ வரவேண்டாம். உன் மேல் கோபம் இல்லை. ஆனால் உன் கையெழுத்தைப் பார்த்தால் அந்தக் குழாய்தான் ஞாபகம் வருகிறது. உன் குரலைக் கேட்டாலும் அப்படித்தான் இருக்கும் என்று பயப்படுகிறேன். இது மாறலாம். மாறினால் நானே எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. இதற்குப் பதில் போடாதே.

அக்கா