சந்தாவை நிறுத்தியவர்கள்

நேற்று சாயங்காலம் குரோம்பேட்டையில் ஒரு நாடகம் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் நின்ற பெண் கைப்பேசியை நீட்டி, "அங்கிள், ஒரு ஸ்டார் ரேட்டிங் குடுத்துட்டுப் போங்க" என்றாள். "பின்னாடி வரிசைல வசனமே கேக்கலையேம்மா, அதுக்கு எதை அமுக்கணும்?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. இந்தக் கோபத்தைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை. நீ படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. நான் தாம்பரத்தில் ஒரு சபாவின் செயலாளர், நீ அஸ்தினாபுரத்தில் ஒரு சபாவுக்கு. பகலில் எனக்கு வங்கி வேலை, உனக்கு மருந்துக் கம்பெனி வேலை. டி.வி. எல்லா வீட்டுக்கும் வந்த பிறகு எங்கள் சபா வாடகைக்கு எடுக்கும் பள்ளிக்கூட ஹாலில் நாற்காலிகள்தான் நாடகம் பார்த்தன. ஆண்டு விழாவுக்கும் கூட்டம் வராவிட்டால் சபாவை மூடிவிடுவது என்று கமிட்டி முடிவெடுத்துவிட்டது. எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த சபாவை எடுத்துவிட்டால் என் வாழ்க்கையில் வங்கியும் வீடும்தான் மிச்சம்.

நீதான் ஒரு யோசனை சொன்னாய். உன்னுடையது, என்னுடையது, பல்லாவரத்தில் இருந்த இன்னொன்று, மூன்று சபாக்களும் உறுப்பினர் முகவரிகளைப் பொதுவில் வைத்து, தாம்பரத்தில் ஒரே விழாவாக நடத்தி, எல்லோருக்கும் அஞ்சலட்டை போடலாம் என்றாய். "அவங்கவங்க ஆளை அவங்கவங்க பூட்டி வெச்சிக்கினு என்னய்யா பண்றது? ஒரே நாள்ல நீயும் நாடகம் போடற, நானும் போடறேன், ரெண்டு ஹாலும் காலி." பல்லாவரத்துச் செயலாளர் பதறிப்போனார். "அட்ரஸைக் குடுத்தா மெம்பரே உங்க பக்கம் வந்துடுவான் சார்." எனக்கும் உள்ளூர அதே பயம்தான். ஆனாலும் மூவரும் கொடுத்தோம். அட்டைகள் போயின.

முதல் நாள் மேடையில் விளக்குப் போட்டாயிற்று. கீழே எங்கள் சபாவுக்கு எப்போதும் வருகிற அதே சில முகங்கள். பல்லாவரத்துக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "தப்பா நினைக்காதீங்க. சந்தாவை நிறுத்தினவங்க அட்ரஸைத்தான் குடுத்தேன்." நான் கொடுத்ததும் அதேதான். ஒழுங்காக வருகிறவர்களை ஒளித்துவைத்துக்கொண்டு, நின்றுபோனவர்களைத் தாராளமாக வாரி வழங்கியிருந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். தலையைச் சொறிந்தாய். "நானும்தான்யா." யோசனை சொன்ன மகாராஜனே நீதானே! பார்வையாளர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

விழா முடிந்த மறுவாரம் ஸ்கூட்டரோடு வாசலில் வந்து நின்றாய். "கிளம்பு. வந்துகினு இருக்கறவன் ஏன் வரான்னு அவனுக்கே தெரியாது. நின்னுட்டவனைக் கேட்டா ஏன் நின்னான்னு கரெக்டா சொல்லுவான்." கமிட்டியிடம் கெஞ்சி ஒரு வருஷம் தவணை வாங்கியிருந்த எரிச்சலில் நான் முனகிக்கொண்டே பின்னால் ஏறினேன்.

முடிச்சூரில் ஒரு அம்மா கதவைத் திறந்ததுமே பிடித்துக்கொண்டார். "நான் பல்லாவரத்துக்குத்தானே அட்ரஸ் குடுத்தேன்? உங்க கைக்கு எப்படி வந்துச்சு? கண்டவங்களுக்கும் குடுக்கறதுக்கா எழுதிக் குடுத்தேன்?" நான் நழுவப் பார்த்தேன். நீ நகரவில்லை. "தப்புதாம்மா. உங்களைக் கேட்டுட்டுக் குடுத்திருக்கணும்" என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே பட்டியலில் அந்த முகவரியை அடித்தாய். அதன் பிறகுதான் அவர் குரல் இறங்கியது. "நாடகம் முடியறதுக்குள்ள எங்க கடைசி பஸ் போயிடுது சார். பொம்பளைங்க வூடு வந்து சேர வேணாமா?"

பெருங்களத்தூரில் ஒரு தெரு முழுக்க ஒரே பதில். நாங்கள் நாடகம் போடுகிற சனிக்கிழமை சாயங்காலம்தான் அங்கே குழாயில் தண்ணீர் வரும். இன்னொரு வீட்டில் சொன்னது எனக்கே சுட்டது: முன்வரிசை எப்போதும் கமிட்டிக் குடும்பத்துக்குத்தானாம், பின்னால் உட்கார்ந்து தூண் பார்க்க அவர்களுக்கு இஷ்டமில்லையாம்.

திரும்பி வந்து பல்லாவரத்துக்காரரிடம் சொன்னாய். "இனிமே அட்ரஸ் வேணாம் சார். அது அவங்களோடது. ஏன் நின்னாங்கன்றதை மட்டும் நமக்குள்ள பேசிக்கலாம்." அதைச் சொல்வதில் யாருக்கும் பயமில்லை. பேசப் பேசத்தான் தெரிந்தது, மூன்று ஹாலையும் காலி செய்தது ஒரே பஸ். நாங்களோ அவரவர் நடிகர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். அடுத்த விழாவில் சீக்கிரம் ஆரம்பித்து, பஸ்ஸுக்கு முன்னால் முடித்தோம். சனிக்கிழமையை விட்டோம். முன்வரிசையைத் திறந்துவிட்டதில் என் மைத்துனர் வெகுகாலம் என்னோடு பேசவில்லை. ஹால் நிரம்பி வழியவில்லை, ஆனால் வந்தவர்கள் கடைசிக் காட்சிவரை இருந்தார்கள். முடிச்சூர் அம்மா தங்கையையும் அழைத்துவந்தார். சபாவை மூடும் பேச்சைக் கமிட்டி அதன் பிறகு எடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் முடிவில் நீயே வராமல் போனாய். அஸ்தினாபுரத்துக்கு வந்து, கட்டிலில் இளைத்துக் கிடந்த உன்னைக் கேட்டேன். "உக்கார முடியலைய்யா. பாதில எழுந்து போனா மேடைல நிக்கறவன் மனசு ஒடிஞ்சிரும்." நாற்காலியில் தலையணை போட்டு வைக்கிறேன் என்றேன். சிரித்தாய். அடுத்த நாடகம் போடுவதற்குள் நீ உயிரோடு இல்லை.

இப்போதும் காலை நடையில் யாராவது சில நாள் காணாமல் போனால் அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். "அடுத்தவங்க விஷயம் உங்களுக்கு எதுக்குப்பா?" என்கிறான் மகன். போகாமல் இருக்க முடிவதில்லை. காரணம் தெரிந்தால் நேரத்தை மாற்றலாம், கிழமையை மாற்றலாம், நாற்காலியை மாற்றிப் போடலாம். நீயும் காரணம் சொல்லிவிட்டுத்தான் போனாய். அதற்கு எதையும் மாற்ற என்னால் முடியவில்லை.